மேடத்துக்கு ஒரு சர்வீஸ் கார்டு

என் வீட்டு பால்கனியில் நாலு மாதம் சில்வண்டு வளர்த்தேன். ஆசைப்பட்டு வளர்க்கவில்லை. எதிர்வீட்டில் இருக்கும் என் அண்ணன் ஒருநாள் காலையில், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, "ரெண்டு நாள் வெச்சுக்க பாப்பா. என் வீட்ல இருந்தா மேடத்துக்கு இந்தச் சத்தம் ஒத்துக்கல" என்றார். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. அவருக்கு இன்னும் பாப்பா. பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, நாள் முழுக்க உள்ளே பல்லைக் குடையும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே முப்பது சில்வண்டு கச்சேரி வைக்கும். அதுகளுக்கு நான் கேரட் வேறு நறுக்கிப் போட வேண்டும்.

மேடம் என்பது ஒரு டாரன்டுலா, அந்தச் சில்வண்டுகள் அதற்கு இரை. உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் முடியும் கால் மூட்டுகளில் ஆரஞ்சு வளையமுமாக ஒரு சிலந்தி. அண்ணன் மகள் மூன்று வருஷமாக வளர்த்தது. வேறு ஊரில் வேலை கிடைத்து அவள் கிளம்பியபோது, அங்கே தங்கும் அறையில் பிராணிகளுக்கு இடமில்லை என்று அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனாள். வேலைக்குப் போகிற இடங்களில் பெண்களை எல்லாம் மேடம் என்று கூப்பிட்டுப் பழகியவர் அண்ணன். கடைக்காரர் பெண் சிலந்தி என்று சொல்லி விற்றதால் அதுவும் மேடமாகிவிட்டது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு லிஃப்ட் நின்றால் காரணம் இல்லாமல் நிற்காது என்பது அவருடைய நம்பிக்கை. சந்தேகப்படுகிற பாகங்களை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது, ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்த்து, சரியாகவில்லை என்றால்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பார். கழற்றிய பாகத்தைக் கட்டிடத்துக்காரர் கண்ணால் பார்க்கும்வரை தூக்கிப் போட மாட்டார். வேலை முடிந்ததும் மெஷின் ரூமில் தொங்கும் அட்டையில் தேதி, செய்த வேலை, தன் கையெழுத்து எல்லாம் எழுதி, பக்கத்துக் கட்டத்தில் அவர்களுடைய கையெழுத்தையும் வாங்குவார். அவர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டே கிறுக்கப் பார்ப்பார்கள். அண்ணன் அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "படிச்சுட்டுப் போடுங்க சார்" என்பார். இதனாலேயே அவரைப் பிடிக்காத மேனேஜர்கள் உண்டு.

அவரால் ஒன்றைச் சும்மா விட முடியாது. அண்ணி இறந்து ஆறு வருஷமாகிறது. கடைசி மூன்று மாதம் வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தார். அந்தக் கட்டிலுக்கு அண்ணன் செய்யாத வேலை இல்லை. தலைமாட்டை ஏற்றி இறக்கத் திருகு வைத்தார், சக்கரம் பூட்டினார், கைப்பிடி வைத்தார், கூப்பிடுவதற்கு மணிக்கயிறு கட்டினார். கயிற்றை இழுத்தால் அண்ணன் ஓடி வருவார், கையில் ஸ்பேனரோடு. அப்போது பதினாறு வயசான அண்ணன் மகள்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய அன்றும் அப்படித்தான். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, பெட்டியின் சக்கரம் கிரீச்சிடுகிறது என்று கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அத விடுங்கப்பா, அது அப்படியே ஓடும்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு சக்கரத்தில் ஒன்று இல்லாத பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் ஓடினாள். பஸ் படியில் நின்று, "உங்களால எதையும் இருக்கிற மாதிரி விட முடியாதாப்பா?" என்று கேட்டாள். அண்ணன், "மேடத்தப் பத்திக் கவலைப்படாத. நீ வரும்போது குடுத்த மாதிரியே இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரும் அந்த ஒரு போன்தான். அதிலும் பேசுவது மேடத்தைப் பற்றி மட்டும். சாப்பிட்டியா, வேலை எப்படி, ரூம் எப்படி என்று எதுவும் கிடையாது. அந்தச் சிலந்திக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த போனும் நின்றுவிடும் என்று அண்ணன் பயந்தார். வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு வேறென்ன பயம் இருக்க முடியும்?

மகள் ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். தண்ணீர்க் கிண்ணம் காயக் கூடாது. வாரம் ஒரு சில்வண்டு போட வேண்டும், சாப்பிடாவிட்டால் மறுநாள் எடுத்துவிட வேண்டும். கையில் தூக்கக் கூடாது, விழுந்தால் வயிறு வெடித்துவிடும். நாலாவது வரி, 'மற்றபடி சும்மா விடுங்கள்.' அதன் கீழே இரண்டு கோடு. தாளோடு ஒரு சின்ன டப்பாவும் வைத்திருந்தாள். மேடம் கடைசியாக உரித்த சட்டை, முழுசாக, காலெல்லாம் மடங்கி, இன்னொரு சிலந்தி போலவே அதில் கிடந்தது. மூடியில் தேதி எழுதியிருந்தது.

முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நாலாவது வாரம் மேடம் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. சில்வண்டு அதன் காலில் ஏறி இறங்கினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை கண்ணாடித் தொட்டியில் கிடந்த உடைந்த பூந்தொட்டித் துண்டுக்குள் சாமியார் மாதிரி இருந்தது, இப்போது பகலெல்லாம் கண்ணாடி ஓரமாகவே நடக்க ஆரம்பித்தது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும், கண்ணாடியில் ஏறும், வழுக்கும், மறுபடி ஏறும். எட்டுக் கால் இருந்தும் சாப்பிட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது.

அன்றைக்கே அண்ணன் ஒரு சர்வீஸ் அட்டையை எடுத்துவந்து தொட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. "இதுல யாரு போடணும்? நானா?" என்று கேட்டேன். "நீ எதுக்கு? பொருள் அவளோடது. அவ வந்து போடுவா" என்றார்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. தொட்டி இருந்த மேசைக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையே ஒரே சுவர். ஒரு டம்ளர் தண்ணீரை மேசையில் வைத்து, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அதிர்வு இருக்கு" என்றார். லிஃப்ட் மோட்டாருக்கு அடியில் வைக்கிற ரப்பர் துண்டுகளைக் கொண்டுவந்து தொட்டிக்கு அடியில் வைத்தார். நாலு நாள் பார்த்தார். மேடம் நடந்துகொண்டே இருந்தது. அட்டையில் எழுதினார்: 'ரப்பர் வைத்தது. மாற்றமில்லை.' அடுத்து தொட்டியை ஜன்னலைவிட்டுத் தள்ளி வைத்தார். மாற்றமில்லை. தேங்காய் நார்த் தூளை மாற்றிப் புது மண் போட்டார். மாற்றமில்லை. ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி ஒட்டினார், அது தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொன்று வாங்கினார். இரண்டும் இரண்டு விதமாகக் காட்டின. எது சரி என்று பார்க்க மூன்றாவதை வாங்கப் போனவரை நான்தான் தடுத்தேன்.

அது கண்ணாடியில் ஏறி விழுந்துவிடுமோ என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. ஆயுசு முழுக்க எதுவும் விழாமல் பார்த்துக்கொள்வதையே தொழிலாக வைத்திருக்கிற மனுஷன். விழுகிற உயரம் குறையட்டும் என்று மண்ணை முக்கால் தொட்டிக்கு ஏற்றினார். அப்புறமும் திருப்தி வரவில்லை. லிஃப்ட் குழியில் பெட்டி மோதாமல் இருக்க பஃபர் வைப்பார்களே, அதுபோல நாலு ஓரத்திலும் ஸ்பாஞ்ச் வைத்தார். மேடம் அந்த ஸ்பாஞ்சையும் மிதித்துக்கொண்டு நடந்தது.

ஒவ்வொரு தடவை கையை உள்ளே விடும்போதும் அது பின்னங்காலால் வயிற்று முடியை உதறிவிடும். கண்ணுக்கே தெரியாத முடி, தோலில் பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். இரண்டு முழங்கையும் சிவந்து தடித்து, அண்ணன் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்று சொறிந்துகொண்டிருக்கிறார் என்று கூட வேலை பார்ப்பவர் எனக்கு போன் செய்து சொன்னார். மருந்துக்கடையிலிருந்து களிம்பு வாங்கிவந்து நானே தடவிவிட்டேன். தடவும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அது நடந்தா நடந்துட்டுப் போகட்டும். நீ கொஞ்ச நாள் சும்மா இருந்தா என்ன கொறைஞ்சா போயிடும்?" என்றேன்.

"சும்மா இருந்தா நின்னுடும் பாப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனிலும் இதே கதைதான். கையெல்லாம் களிம்பு என்பதால் ஸ்பீக்கரில் போடுவார், எனக்கும் கேட்கும். அண்ணன் அட்டையைப் பார்த்து அந்த வாரம் செய்ததை ஒப்பிப்பார். மகள் முழுசும் கேட்பாள். பிறகு, "சாப்பிடாட்டி விடுங்கப்பா. சும்மா விடுங்க" என்பாள். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனை வைத்துவிடுவார். "அவளுக்கு அக்கறையே இல்ல பாரு" என்று என்னிடம் பாய்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்று வருஷம் வளர்த்தவளுக்கு இல்லாத துடிப்பு இவருக்கு ஏன் என்று பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது மாதம் மேடத்தின் வயிறு சுருங்க ஆரம்பித்தது. நடையும் தளர்ந்தது. அண்ணன் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கடைசியாக ஒத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார். மடியில் ஜாடிக்குள் மேடம். சட்டைப்பையில் அந்தச் சின்ன டப்பா. மெக்கானிக் இல்லையா, கடைக்குப் போனால் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும், "மெல்ல, மெல்ல" என்று என் காதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார். கடைசித் தடையில், இறங்கி நடந்து வா என்று சொல்லிவிட்டேன்.

அவள் வாங்கிய கடை இல்லை, ஊர்வனவும் சிலந்திகளும் விற்கிற வேறொரு கடை அது. கடைக்காரர் ஜாடியைத் தலைக்கு மேலே தூக்கி, அடியிலிருந்து போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது ஆம்பளை சார்" என்றார். முன்னங்கால் இரண்டின் அடியில் சின்னதாக ஒரு கொக்கியைக் காட்டினார். வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குட்டிக் கைகளின் நுனி குமிழ் மாதிரி உருண்டிருந்ததையும் காட்டினார். "வளர்ந்து முடிஞ்ச ஆம்பளை. இனிமே சட்டை உரிக்காது. ஜோடி தேடி நடக்கும், சாப்பாட்டுல மனசு போகாது. அவ்வளவுதான்."

"சரி, என்ன மாத்தணும்?"

"எதையும் மாத்த வேண்டாம் சார். கோளாறு ஒண்ணும் இல்ல. இதுங்க ஆயுசே இப்படித்தான். பொண்ணுங்க இருபது வருஷம் இருக்கும். ஆம்பளைக்கு இந்தக் கொக்கி வந்தாச்சுன்னா அப்புறம் கொஞ்ச காலம்தான்."

வேண்டுமானால் தன்னிடம் ஒரு பெண் இருக்கிறது, ஜோடி சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் அது இவனைத் தின்றாலும் தின்றுவிடும் என்றும் சொன்னார். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். கடைக்காரர் மூடியில் இருந்த தேதியைப் படித்தார்.

"எட்டு மாசம் முன்னாடி உரிச்சிருக்கு. அப்போதான் கொக்கி வந்திருக்கும். இனி மிஞ்சிப் போனா ஒரு மாசம் சார். இத எடுத்து வெச்சது யாரு?"

"என் பொண்ணு."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கிறவங்க அந்தக் கொக்கியப் பார்க்காம இருந்திருக்க மாட்டாங்க."

எட்டு மாதம். அவள் ஊருக்குக் கிளம்பிப் போயே மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. திரும்பி வரும்போது அண்ணன் ஒரு தடவைகூட மெல்ல என்று சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு போன் வந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அட்டையைக் கையில் எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

என்ன என்று அவள் கேட்கவில்லை. "தெரியும்பா" என்றாள்.

"மூணு மாசமா நான் இதோட மாரடிக்கிறேன். கையெல்லாம் புண்ணு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க அதுக்கும் ஏதாவது மருந்து தேடியிருப்பீங்க."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட குடுத்துட்டுப் போன?"

அவள் குரல் மாறியது. "அம்மா இருந்தப்ப நீங்க கட்டில சரி பண்ணிட்டே இருந்தீங்கப்பா. மூணு மாசமும் பக்கத்துல இருந்தது நான். கடைசியா அம்மா கயித்த இழுக்கல, நான்தான் இழுத்தேன். நீங்க ஆயில் டப்பாவோட வந்து நின்னீங்க." மூச்சு வாங்கினாள். "இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. இந்தத் தடவை நீங்க இருங்கன்னுதான் குடுத்தேன்."

அண்ணன் போனை வைத்துவிட்டார். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். ஒரு மனுஷனை மூன்று மாதம் அலைக்கழித்துவிட்டுச் சொல்லுகிற பேச்சா இது? உடனே அவளைக் கூப்பிட்டு நன்றாக நாலு வார்த்தை கேட்டேன். "அத்தை, நான் சொன்னதுல பொய் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்த மூன்று மாதமும் நானும்தான் பக்கத்தில் இல்லை, கஞ்சியைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்றைக்கு சில்வண்டு டப்பாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

நாலு நாள் அண்ணன் அந்த அறைப் பக்கமே போகவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. இரண்டு பேரும், "ம்", "ம்" என்றார்கள். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி லீவு போட்டிருப்பதாக அவள் சொன்னாள். அண்ணன் அதற்கும் "ம்" என்றார்.

அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை காலையில், ஒன்றைக் கவனித்தேன். டூல் பை வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அண்ணன் உள்ளே தொட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பாஞ்ச் போயிருந்தது, மீட்டர் இரண்டும் போயிருந்தன. பழைய பூந்தொட்டித் துண்டு மட்டும் அதன் இடத்தில் இருந்தது. அவருடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. சும்மா உட்காருவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன பண்ற?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல" என்றார், எரிச்சலோடு.

தினமும் ஏழு மணிக்கு உட்காருவார், ஏழரைக்கு எழுந்து வேலைக்குப் போவார். மேடத்துக்கு நடை நின்றுபோனது. தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தை வைத்தபடி ஒரே இடத்தில் இருந்தது. இரண்டு தடவை அண்ணனின் கை தானாக மூடி வரைக்கும் போனதைப் பார்த்தேன். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. பதினாறாம் தேதி காலையில் என் கதவைத் தட்டி, "சில்வண்ட எங்கயாவது விட்டுடு பாப்பா" என்றார். கண்ணைப் பார்த்தால் தெரியாதா? டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போய்ச் செடிகளுக்கு நடுவில் திறந்துவிட்டேன். அதுகளைக் கரித்துக்கொட்டாத நாள் கிடையாது, அன்றைக்கு டப்பா காலியானதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகளுக்கு போனில் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வந்து பார்க்கட்டும் என்றார். தொட்டியில் எதையும் அவர் தொடவில்லை.

பதினெட்டாம் தேதி வந்தாள். இளைத்திருந்தாள். பெட்டி இன்னும் ஒரு சக்கரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார், குனியவில்லை. அவள் நேராக அறைக்குள் போனாள். கால்களை எல்லாம் உள்ளே மடக்கிக்கொண்டு கிண்ணத்தின் பக்கத்தில் கிடந்த மேடத்தைப் பார்த்தபடி நின்றாள். என்றைக்கு என்று கேட்கக்கூட இல்லை. அண்ணன் ஆணியிலிருந்து அட்டையை எடுத்து, பேனாவோடு அவளிடம் நீட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். மேலே பாதி நான் நேரில் பார்த்த கூத்துதான். ரப்பர், ஜன்னல், மண், ஸ்பாஞ்ச், மாற்றமில்லை, மாற்றமில்லை. கீழே பாதியில் ஒரே வாசகம் தேதி தேதியாக இறங்கியிருந்தது. 'காலை 7 முதல் 7.30. பக்கத்தில் இருந்தேன். எதையும் மாற்றவில்லை.' கடைசி வரி பதினாறாம் தேதி. 'காலை 7.10. நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தேன்.'

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியின் கட்டத்தில் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினாள். அண்ணன் அட்டையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"படிச்சுட்டுப் போடும்மா" என்றார்.